கொக்கு கதிர் தின்னாது

விஸ்வநாத தாஸைப் பற்றி எழுதுகிற எல்லாருமே அவருடைய சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர், வள்ளி திருமணம் நாடகம். முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது 54. இப்படியொரு சாவு கிடைத்தால் எந்தக் கட்டுரையாளன் விடுவான்? அடுத்த பத்தியில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியது வரும், அதற்கடுத்த பத்தியில் திரும்பத் திரும்பச் சிறை போனது வரும், கடைசியில் ‘தியாகி’ என்ற சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும். திருமங்கலத்தில் இருக்கும் நினைவு இல்லத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் முன்னால் நிற்கிறது.

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். முப்பது வருஷத்துக்கு மேல் ராத்திரி ராத்திரியாகப் பாடியே பிழைத்த ஒரு மனுஷன் எப்படிப் பாடினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எந்தக் கட்டையில் பாடினார்? விருத்தத்தை இழுத்துப் பாடுகிறவரா, சட்டென்று முடித்துவிட்டுப் பாட்டுக்குள் போகிறவரா? ஆர்மோனியக்காரரை முன்னால் விட்டாரா, தான் முன்னால் போனாரா? பாடகனைப் பற்றி எழுதும்போது கேட்க வேண்டிய சாதாரணக் கேள்விகள்தான் இவை. தியாகியைப் பற்றி எழுதும்போது தேவைப்படுவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அவை ஏன் கேட்கப்படவில்லை என்பதைப் பற்றியது.

*

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தாஸ் பிறந்தது 1886 ஜூன் 16, சிவகாசியில். எங்கள் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு ஊருக்கும் மண் கிட்டத்தட்ட ஒன்றுதான், வானம் பார்த்த பூமி. இரண்டு ஊருமே மழை ஏமாற்றிய மனிதர்களைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிய ஊர்கள். அவர் பிறந்தது மருத்துவர் சமூகம். முடிதிருத்துவது, நாட்டு வைத்தியம் பார்ப்பது, அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பது, பல ஊர்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மேளம் வாசிப்பது, இதெல்லாம் அந்தச் சமூகத்தின் தலையில் இருந்த வேலைகள். மேளம் வாசிப்பதை ‘வேலை’ என்று சொன்னேன், கவனியுங்கள். அதே நாதஸ்வரத்தை வேறு சிலர் கையில் பார்த்தால் கலை என்று சொல்வோம்.

அவர் நுழைந்த உலகம் ஸ்பெஷல் நாடகம். இளைய வாசகர்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் பண்ணுவார்கள். ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஒருவர் மதுரையிலிருந்து. கோயில் கொடைக்கோ பங்குனிப் பொங்கலுக்கோ ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடை ஏறினால் விடியும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம். நாடகத்தின் எலும்புக்கூட்டை எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுத்து. அந்த எலும்புக்கூட்டின் மேல் சதை பூசுவது அன்றைக்கு ராத்திரி மேடையில் இருப்பவர்கள் பொறுப்பு.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கொடையில், வயதான ஆர்மோனியக்காரர் ஒருவரிடம் கேட்டேன்: “அண்ணாச்சி, முன்னப்பின்ன பாத்திராத ஆள்கூட எப்படி வாசிக்கீங்க?”

“கட்டை என்னன்னு கேப்பேன் தம்பி. அவ்வளவுதான். மிச்சத்த அவன் மூச்ச வச்சுக் கண்டுபிடிச்சிக்கிருவேன்.”

மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட புத்தகமும் இதையேதான் வேறு மொழியில் சொல்கிறது. ஒத்திகையே இல்லாத ஒரு நாடகம் நடக்கிறதென்றால், அதற்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவான ஒரு பெரிய ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒவ்வொருவரும் வேறு வேறு ஊரில் உட்கார்ந்து எழுதிய நிரல்கள் முதல்முறையாக மேடையிலேயே சேர்ந்து ஓடுகின்றன. ஓடவும் செய்கின்றன, எட்டு மணி நேரம்.

*

கட்டுரையை இங்கே இத்தாலிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. காரணம், பாடகனை மறந்துவிட்டு அவன் கதையை மட்டும் வைத்துக்கொள்வது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆகப் பெரிய ஓப்பரா பாடகர் என்று சொல்லப்படுபவர் கார்லோ ப்ராஸ்கி. மேடைப் பெயர் ஃபாரினெல்லி. 1705இல் இத்தாலியின் தெற்கே, ஆந்திரியா என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் காயடிக்கப்பட்டு, குரல் உடையாமல் காப்பாற்றப்பட்ட பாடகர்களில் ஒருவர். 1734இல் லண்டனுக்குப் போய்ப் பெரும் புகழ் அடைந்தார். 1737இல் ஸ்பெயின் அரண்மனைக்குப் போனார். மன நோயில் படுக்கையை விட்டு எழாமல் கிடந்த ஐந்தாம் ஃபிலிப் அரசருக்கு ராத்திரிதோறும் பாடி அவரை எழ வைத்தார் என்பது கதை. அதற்குப் பிறகு பொதுமேடையில் அவர் பாடவே இல்லை. 1782இல் பொலோன்யாவில் இறந்தார்.

இன்றைக்கு ஃபாரினெல்லி என்றால் என்ன ஞாபகம் வருகிறது? கத்தி. 1994இல் வந்த சினிமாவும் அந்தக் காயத்தைச் சுற்றித்தான் நகர்கிறது. அவருடைய குரலை உருவாக்க ஓர் ஆண் பாடகரின் குரலையும் ஒரு பெண் பாடகியின் குரலையும் கணினியில் கலந்தார்கள். 2006இல் அவருடைய எலும்புகளையே தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். உடம்பின் கதை இசையின் கதையை எப்படி விழுங்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் ஃபாரினெல்லிக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. 1753இல், தான் பாடிய சில பாட்டுகளை, தான் போட்ட சங்கதிகளோடு எழுதி வியன்னாவுக்கு, மரியா தெரசா அரசிக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பிழைத்திருக்கிறது. 1770இல் சார்லஸ் பர்னி என்கிற ஆங்கிலேய இசை அறிஞர் பொலோன்யாவுக்கே போய் அவரைப் பார்த்துப் பேசி எழுதிவைத்தார். அதனால் சினிமா என்ன சொன்னாலும், யாராவது ஒரு மாணவன் அந்தத் தாளைப் பிரித்து, ‘இந்த இடத்தில் இத்தனை சுரத்தை ஒரே மூச்சில் பாடியிருக்கிறான்’ என்று கண்டுபிடிக்க முடியும். பாட்டைக் கேட்க வழியில்லை, படிக்க வழி இருக்கிறது.

நம் ஆளுக்கு மரியா தெரசாவும் கிடைக்கவில்லை, பர்னியும் கிடைக்கவில்லை.

*

“அதெல்லாம் சரி, ரெக்கார்டு இருந்தாத்தானே குரலப் பத்திப் பேச முடியும்?” என்று கேட்கலாம். நியாயமாகத் தெரிகிற கேள்விதான். பதில் சொல்ல இன்னொருவரைக் கூப்பிடுகிறேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாக ரயில் பாதை போகிற பக்கம் செங்கோட்டை இருக்கிறது. அந்த ஊர்க்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் செத்துப்போனார். அதே நாடக மேடை, அதே வள்ளி திருமணம். கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடியிருப்பதை இன்று யாரும் ஃபோனிலேயே கேட்கலாம். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் மேலே போகிற வேகம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு எழுதியவர்கள் ஏராளம். கிட்டப்பா என்றால் குரல். கே.பி. சுந்தராம்பாள் என்றாலும் குரல்தான். இத்தனைக்கும் சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், 1958இல் சட்ட மேலவைக்குப் போனவர். அவரை யாரும் ‘தியாகி சுந்தராம்பாள்’ என்று ஆரம்பிப்பதில்லை. அரசியல் அவருக்கு இரண்டாம் பத்தியில் வருகிறது. தாஸுக்கு அரசியல் முதல் பத்தி, இசைக்குப் பத்தியே இல்லை.

இசைத்தட்டு இருந்ததால்தான் இந்த வித்தியாசம் என்றால், மகா வைத்தியநாத ஐயரை என்ன செய்வது? 1844இல் பிறந்து 1893இல் இறந்தவர். ஒரு நொடி ஒலிப்பதிவு கிடையாது. ஆனால் அவர் குரல் மேலேயும் கீழேயும் எப்படிப் போகும், சபையை எப்படிக் கட்டிப்போட்டார் என்று இன்றும் பேசுகிறோம். எப்படி முடிந்தது? உ.வே. சாமிநாதையர் உட்கார்ந்து எழுதினார். கேட்டவர்கள் கேட்டதை எழுதினார்கள். அதனால் அந்தக் குரல் காகிதத்தில் ஏறிவிட்டது.

ஆக, குறை இயந்திரத்தில் இல்லை. கேட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் எதை எழுதத் தகுந்தது என்று நினைத்தார்கள் என்பதில் இருக்கிறது. தாஸோடு ஜோடி சேர்ந்து நடிக்க, அவருடைய சாதியைக் காரணம் காட்டிப் பெண் நடிகர்கள் சிலர் மறுத்தார்கள் என்பதை அவரைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. மேடையில் முருகன், மேடையை விட்டு இறங்கினால் அம்பட்டன். இதே கணக்குதான் எழுத்திலும் நடந்தது என்று நினைக்கிறேன், கொஞ்சம் நாகரிகமாக. அவருடைய வீரத்தை ஒத்துக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. சிறைக்குப் போவதற்குச் சாதி தடையில்லை. ஆனால் ‘இவன் என்னைவிடச் சங்கீதம் தெரிந்தவன்’ என்று ஒத்துக்கொள்வது வேறு. தியாகம் என்பது ஒருவன் தன்னையே கொடுப்பது, வாங்கிக்கொள்கிறவனுக்குச் செலவில்லை. ஞானம் என்றால் அவன் முன்னால் நாம் உட்கார வேண்டும்.

தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதிய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ புத்தகம் இல்லையென்றால் இந்த நாடகக்காரர்களின் அரசியல் பங்கு பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அந்தப் புத்தகத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அதன் தலைப்பே சொல்கிறது, செய்தி சுமந்தவர்கள் என்று. அவருடைய கேள்விக்கு அது சரியான தலைப்பு. நாற்பது வருஷம் கழித்தும் நாம் அதே கேள்வியில் நின்றால், தாஸ் தபால்காரராகவே இருந்துவிடுவார். செய்தி வந்துசேர்ந்தது, நன்றி, கதவைச் சாத்திக்கொள்வோம்.

*

குரல் இல்லை, குறிப்பும் இல்லை. அப்படியென்றால் என்ன பேச முடியும்? நிரலின் மூலம் தொலைந்துபோய், அது எந்த நிலைமையில் என்னென்ன செய்தாக வேண்டும் என்ற பட்டியல் மட்டும் கையில் இருந்தால், அதை வைத்தே உள்ளே என்ன இருந்திருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். அலுவலகத்தில் அடிக்கடி செய்கிற வேலைதான். தாஸுக்கும் செய்து பார்ப்போம்.

முதல் நிபந்தனை, வெட்டவெளி. அவர் மேடை ஏறிய காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கரிசல்காட்டுக் கிராமத்தில் கொட்டகை போட்டாலும் மூன்று பக்கமும் திறந்துதான் இருக்கும். காற்று பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் உட்கார்ந்திருக்கும் மாட்டுவண்டிக்காரனுக்குச் சொல் புரிய வேண்டும். நாடகப் பாடகர்கள் எல்லாரும் உச்சக் கட்டையில் பாடியது அழகுக்காக மட்டும் இல்லை, வேறு வழி இல்லாததால். உச்சத்தில் பாடும்போது சொல் உருக்குலைந்துவிடும் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாதம் தூரம் போகும், எழுத்து போகாது. தாஸ் பாடிய பாட்டுக்காகப் போலீஸ் அவரைப் பிடித்தது என்றால், அந்த உயரத்திலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருடைய உச்சரிப்புக்கு நமக்குக் கிடைத்த ஒரே சான்றிதழைக் கொடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம்தான்.

இரண்டாவது, ராத்திரி முழுக்க. இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். அதற்குள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பதால் கிட்டப்பாவின் தட்டுகளில் வேகம்தான் நமக்குக் கிடைக்கிறது. நாடகத்தில் நேரம் வேறு மாதிரி. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் மட்டுமே மணிக்கணக்கில் போகும். அதற்குப் பிறகு வேடன், வேலன், விருத்தன் என்று முருகன் வேஷம் மாறி மாறி வர வேண்டும். முதல் ஜாமத்திலேயே தொண்டையைக் காட்டிவிட்டால் கிழவனாக வரும்போது நிஜமாகவே கிழக்குரல்தான் வரும். எங்கே அடக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற கணக்கு இல்லாதவன் இந்த வேஷத்தில் முப்பது வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம், சட்டம். 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடுக்க வழி செய்திருந்தது. ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் எதைத் தடுப்பது? வள்ளி திருமணம் சாமி கதை. புத்தகத்தைப் புரட்டினால் முருகனும் வள்ளியும்தான் இருப்பார்கள். ஆபத்து புத்தகத்தில் இல்லை, அன்றைக்கு ராத்திரி நடுவில் செருகப்படும் பாட்டில் இருந்தது. தாஸோடு சேர்த்துச் சொல்லப்படும் கொக்குப் பாட்டு அப்படிச் செருகியதுதான். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளைக்காரன். இவ்வளவுதான் எல்லாக் கட்டுரையிலும் இருக்கும்.

இங்கேதான் நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கரிசலில் கம்போ சோளமோ பால் பிடிக்கிற சமயத்தில் பரண் கட்டி, கவணில் கல் வைத்துக் காவல் இருப்பார்கள். தகர டப்பாவைத் தட்டிக் கத்துவார்கள். எதை விரட்ட? கிளியை, குருவியை, மைனாவை. கொக்கை இல்லை. கொக்கு கதிர் தின்னாது. அது உழுகிற மாட்டுக்குப் பின்னாலேயே வந்து புழு பூச்சி பொறுக்கும், கண்மாயில் மீனுக்கு நிற்கும். சம்சாரிக்கு அதனால் தொந்தரவு கிடையாது. இது பட்டணத்துக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், கொட்டகையில் மணலைக் குவித்துச் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும். கிளி வரவேண்டிய புனத்தில் கொக்கு வந்தால் அவன் சுருக்கென்று நிமிர்ந்து உட்காருவான். ‘என்னடே, கொக்க எதுக்கு வெரட்டுதான்?’ அந்த ஒரு கேள்வி மனதில் எழுந்த கணத்திலேயே பாட்டின் வேலை முடிந்துவிட்டது. அர்த்தத்தைப் பாடகன் சொல்லவில்லை, கேட்கிறவன் கண்டுபிடிக்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரரும் கிராமத்துக்காரராக இருந்தால் அவரும்தான் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்துவிட்டு முழிப்பார். பறவையைப் பற்றிய பாட்டை என்னவென்று எழுதுவது?

சொல்லை எழுதியது பாஸ்கரதாஸ். ஆனால் அதை எந்த நிமிஷத்தில் இறக்குவது, எவ்வளவு நேரம் சாதாரணமான ஆலோலம் போல நடிப்பது, ‘கொக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் எவ்வளவு மூச்சு விடுவது, இதெல்லாம் பாடுகிறவனுடைய கலை. காலப்பிரமாணம் தப்பினால் இது பிரசங்கமாகிவிடும். தப்பாமல் விழுந்தால் ஜனம் சிரிக்கும், சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று பயப்படும். செய்தி சுமப்பவன் இதைச் செய்ய முடியாது. இது வித்வான் வேலை.

*

இன்றைக்கும் கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் கொடைக்கு வள்ளி திருமணம் போடுகிறார்கள். இப்போது மைக் இருப்பதால் யாரும் அந்தக் காலத்துக் கட்டையில் பாட வேண்டியதில்லை. கூட்டமும் பபூன் காமிக் முடிந்ததும் பாதி கலைந்துவிடுகிறது. ஆனால் தர்க்கம் ஆரம்பித்தால் ஒரு பத்துப் பதினைந்து பெரியவர்கள் மேடைக்குப் பக்கத்தில் நகர்ந்து வருவார்கள். நாரதர் ஒரு ராகத்தை எடுத்ததும் அவர்களில் யாராவது ஒருவர், “இந்த எடத்துல இன்னாரு வேற மாதிரி எடுப்பாரு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். தமிழில் நாடக இசைக்கு விமர்சனம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தப் பேச்சுதான். அச்சில் ஏறாதது, ஆளோடு போய்விடுவது. தாஸைக் கேட்டவர்களின் பேச்சு அப்படித்தான் போய்விட்டது.

அவருக்கு இன்னொரு சிலையோ இன்னொரு புகழ்மாலையோ சேர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. இன்று ஆடுகிறவர்களை ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டு, கட்டை என்ன, ராகம் எது, எங்கே செருகினார், ஜனம் எங்கே நிமிர்ந்தது என்று எழுதினால் போதும். அவர்களிலும் பலர், ஊர் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் செத்த பிறகு யாரும் தியாகி என்றுகூடச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்குப் பட்டம் வேண்டியதில்லை. எப்படிப் பாடினார்கள் என்று ஒரு பத்தி எழுதிவைத்தால் போதும்.